நாலாம் வகுப்பு நீதிமன்றம்

தெல்மா டீச்சர் நாலாம் வகுப்பை எங்கேயாவது பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்றால் புளியடித்துறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அழுகை வரும். ஐந்தாம் வகுப்புக்குப் பத்தக்குட்டி வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியரும் அவர்தான். வாய்ப்பாட்டையும் பிரம்பையும் தவிர வேறெதையும் அவர் வகுப்புக்குள் கொண்டுவந்ததில்லை.

தெல்மா மட்டக்களப்புப் பட்டணத்துப் பறங்கிப் பெண். தகப்பன் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். ஆசிரிய கலாசாலையில் படித்துவிட்டு, வாவிக்கு அக்கரையில் கிடந்த இந்தத் துறைக்கு வேலையாக வந்து ஆறு வருடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, சனிக்கிழமைகளில் தோணியேறித் தாயைப் பார்க்கப் போவாள். பிள்ளைகள் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததை மறுநாள் வகுப்பில் செய்து விளையாட வேண்டும் என்பது அவளுடைய முறை. தபால் கந்தோரைப் பார்த்துவிட்டு வந்தபோது சவர்க்காரப் பெட்டி ஒன்று தபால் பெட்டியானது. ஒரு மாதம் வரைக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித் தள்ளினார்கள். எழுதவே மாட்டேன் என்று நின்ற பயல்கள்கூட, திட்டி எழுதுவதற்காகவாவது எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். றெயில் ஸ்டேசனைப் பார்த்து வந்தபோது உட்காரும் வாங்குகள் எல்லாம் றெயில் பெட்டிகளாகி வகுப்பே கொழும்புக்குப் போனது. பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதியில் இப்படியொரு வகுப்பை நான் கண்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வகுப்பில் இருந்த ஒரேயொரு முஸ்லிம் பெண் பிள்ளை றஸீனா. தோணிக்கார முத்தலிப்பின் மகள். துறையை அடுத்த முஸ்லிம் குடியிருப்பில் பெண் பிள்ளைகளை ஓதப் பள்ளிக்கு அனுப்புவார்கள், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள். தெல்மா வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முத்தலிப் மட்டும், "நீங்க இரிக்கீங்க எண்ட தைரியத்தில அனுப்புறன் டீச்சர்" என்று மகளை விட்டான். அதற்காகக் குடியிருப்பில் அவன் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சுக் கொஞ்சமல்ல. இரண்டு வருடத்தில் றஸீனா வகுப்பில் முதலாவதாக வந்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று வீடுகளில், வருகிற தையில் புது வகுப்புத் தொடங்கும்போது நாங்களும் அனுப்பிப் பார்ப்போம் என்று பேச்சு எழுந்திருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருகோணமலையில் குண்டு விழுந்து ஒரு வருடமாகியிருந்தது. பர்மா அரிசி நின்றுபோனதால் எங்கேயும் பங்கீட்டுக் கூப்பன்தான். கூப்பனுக்குக் கிடைத்த அரிசி கைக்குள் அடங்கும். மிச்சத்துக்குப் பாஜிரி என்ற கம்பும் ஆட்டா மாவும் கொடுத்தார்கள். விளைந்த நெல்லை அரசாங்கத்துக்கு அளக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிசி கொண்டுபோனால் வழக்கு.

அந்த நேரத்தில்தான் தெல்மாவின் தாய் நெருப்புக் காய்ச்சலில் விழுந்து எழும்பினாள். எழும்பினாளே தவிர உடம்பு தேறவில்லை. பாஜிரிக் கஞ்சி வயிற்றில் நிற்கவில்லை. நல்ல சிவப்பரிசியைக் குழைய வடித்துக் கொடுங்கள் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டுப் போனார். அரிசிக்கு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை துறையில் தோணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த முத்தலிப்பிடம் தெல்மா போனாள். றஸீனா தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

"முத்தலிப், உங்கட மச்சான்ட வயல் வட்டையில இந்த முறை எப்படி?"

"வட்டை முழுக்க நல்ல விளைச்சல் டீச்சர். அரசாங்கத்துக்கு அளந்தது போக வீட்டுப் பாட்டுக்குக் கொஞ்சம் கிடக்கு."

"அதில ஒரு அரைச் சாக்கு அரிசி எங்கட மம்மாவுக்கு வேணும். பட்டணத்துக்குக் கொண்டு போய் வீட்டில குடுக்க ஏலுமா?"

முத்தலிப் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினான். "பெர்மிட் இல்லாமப் புடிச்சா மறியல் வீட்டிலதான் கிடக்க வேணும் டீச்சர்."

"உங்களை ஆர் புடிக்கிற? நாளாந்தம் துறைப் பொலிசுக்கு மீன் குடுக்கிற ஆள் நீங்க." தெல்மா சிரித்தாள்.

முத்தலிப்பும் சிரித்தான். பிறகு சொன்னான்: "சரி, கொண்டு போறன். புள்ளைக்கு எழுத்துப் படிப்பிச்ச ஆள் வாய் திறந்து கேக்கக்குள்ள மாட்டன் எண்டு சொல்ல ஏலுமா?"

கால் சாக்குப் போதும் என்று தெல்மா சொல்லியிருக்கலாம். வீட்டில் அக்காவின் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே கேட்டாள்.

அந்த வாரம் நாலாம் வகுப்புக்கு நீதிமன்றம் பார்க்கும் ஏற்பாடு. நீதவானின் இங்கிலீசைத் தமிழாக்கும் கோட்டு முதலியார் ஒருவர் பத்தக்குட்டி வாத்தியாருக்குத் தெரிந்தவர்; அவர் மூலம் அனுமதி வாங்கியாயிற்று. வியாழக்கிழமை விடியவே இரண்டு தோணிகளில் பிள்ளைகள் ஏறினார்கள். முத்தலிப்பின் தோணி துறையில் இல்லை.

"வாப்பா எங்க?" என்று தெல்மா கேட்டாள்.

"நேத்துக் காலையில போனவர், இன்னும் வரல்ல டீச்சர்" என்றாள் றஸீனா. முத்தலிப் பட்டணத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு வருவது புதிதல்ல. வீட்டில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தெல்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம். அரிசி போய்ச் சேர்ந்திருக்கும், மம்மா நேற்று இரவே கஞ்சி குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

தோணியில் போகும்போதே பாடம் தொடங்கிவிட்டது. நீதவான் வந்தால் எழும்ப வேண்டும். கோட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் எதிரி. அவர் தான் குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று முதலில் சொல்ல வேண்டும். சாட்சி சொல்ல வருபவர் சத்தியம் செய்ய வேண்டும். "சத்தியம் பண்ணினா உண்மையத் தவிர வேற ஒண்டும் கதைக்கக் கூடாது. வாப்பாவெண்டாலும் சரி, ராசாவெண்டாலும் சரி" என்று தெல்மா சொன்னாள். பிள்ளைகள் அதை இராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள்.

கோட்டில் பிள்ளைகளுக்குப் பின் வாங்குகள் இரண்டை ஒதுக்கியிருந்தார்கள். முதல் வழக்கு, ஒருவனுடைய எருமை இன்னொருவனுடைய வயலுக்குள் இறங்கிய வழக்கு. எருமையின் நிறத்தைப் பற்றி இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தெல்மாவும் சிரித்தாள். நல்ல வழக்கு, வகுப்பில் செய்ய இது போதும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சேவகன் உரத்துக் கூப்பிட்டான்: "முகைதீன்பாவா மகன் முத்தலிப்!"

பக்கக் கதவால் பொலிசுக்காரன் அவனைக் கொண்டுவந்தான். சட்டையின் தோள் கிழிந்திருந்தது. இன்னொரு பொலிசுக்காரன் ஓர் அரைச் சாக்கைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தான். சாக்கின் வாய் சணல் நூலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. நஸீறாவின் தையல். முத்தலிப்பின் மனைவி தைத்தால் ஓர் அரிசி சிந்தாது.

"வாப்பா" என்றாள் றஸீனா. சத்தமாகக்கூட இல்லை. வாங்கிலிருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

முத்தலிப் திரும்பவில்லை. குற்றவாளியா, சுற்றவாளியா என்று கோட்டு முதலியார் தமிழில் கேட்டார்.

"குற்றவாளிதான் ஐயா."

புதுத் துறைப் பொலிசு. பழைய ஆட்களை மாற்றிவிட்டார்கள். புதன்கிழமை காலை தோணி அடைந்ததும் அரிசியை மூடியிருந்த பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி இங்கிலீசில் பேசினார். முதலியார் தமிழில் சொன்னார்: "இந்த அரிசி யாருக்காகக் கொண்டுவரப்பட்டது? அந்த ஆளின் பெயரைச் சொன்னால் உன் தண்டனை குறையும்."

அப்போதுதான் முத்தலிப் பின்னால் திரும்பினான். வரிசையாக இருந்த பிள்ளைகளைக் கண்டான். மகளைக் கண்டான். அவளுக்குப் பக்கத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்த தெல்மாவைக் கண்டான். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டான்.

"என்ட வீட்டுக்குத்தான் ஐயா."

"உன் வீடு புளியடித்துறையில். அரிசி பட்டணத்துக்கு வந்திருக்கிறதே?"

கோட்டில் சிரிப்பு எழுந்தது. பெரியவர்கள் சிரித்ததால் பிள்ளைகளும் சிரித்தார்கள். முத்தலிப் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீதவான் சார்ஜனைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ சொன்னார். முதலியார் அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தப் பின் வாங்குகளில் அது விளங்கியது தெல்மாவுக்கு மட்டும்தான். இவன் யாரையோ காப்பாற்றுகிறான், அரிசிக்குச் சொல்லி அனுப்பிய ஆள் இப்போது எங்கேயோ சுகமாக இருக்கிறான், என்றுதான் அவர் சொன்னார்.

தெல்மா எழும்பினாள். எழும்பவேண்டும் என்று நினைத்து எழும்பவில்லை, கால்கள் தாமாக எழும்பிவிட்டன. நீதவான் அவளைப் பார்த்தார். கோட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

"யெஸ், மிஸ்?"

சொல்வதற்கு ஒரு வசனம்தான் இருந்தது. நாக்கின் நுனிவரைக்கும் அது வந்தது. வேலை போகும். மம்மாவை யார் பார்ப்பது? இத்தனை பிள்ளைகளையும் அக்கரைக்கு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? வழக்கு முடிந்த பிறகு வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரைப் பிடித்து ஏதாவது செய்யலாம். இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அதே நேரம் முன்னால் இருந்த ஒரு சின்னப் பயல் அவளுடைய கவுணைப் பிடித்து இழுத்து, "டீச்சர், ஒண்டுக்குப் போகணும்" என்றான்.

"பிள்ளைகளை வெளியே கொண்டுபோக வேண்டியிருக்கிறது, சேர். மன்னிக்க வேண்டும்" என்றாள் இங்கிலீசில்.

நீதவான் முகம் மலர்ந்தது. இந்தச் சின்ன வயதிலேயே பிள்ளைகளுக்குச் சட்டத்தைக் காட்டுகிறீர்கள், இப்படியான ஆசிரியர்கள்தான் இந்த நாட்டுக்குத் தேவை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். முதலியார் அதை மட்டும் மறக்காமல் தமிழாக்கினார்.

தெல்மா பயலைக் கொண்டுபோய்ச் சுவரோரம் விட்டாள். அவன் முடித்த பிறகும் அவள் உள்ளே போகவில்லை. கைகழுவும் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். உள்ளே போனபோது வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பத்தக்குட்டி வாத்தியாரின் மகன் மூத்ததம்பி, ஒன்றையும் தவறவிடாத பெருமையோடு அவள் காதில் சொன்னான்: "டீச்சர், ரெண்டு மாசம் மறியல்! தோணியும் அரசாங்கத்துக்காம்!"

றஸீனா பாவாடை ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறுமையாக இருந்த எதிரிக் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது தோணியில் ஒரே கும்மாளம். ஒருவன் எருமையானான், ஒருவன் பொலிசானான். றஸீனா முன்பக்கத்து அணியத்தில் தனியாக இருந்தாள். தெல்மா மெல்ல நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"வாப்பா கெதியா வந்திடுவார், புள்ள."

றஸீனா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உங்கட மம்மாவுக்கு அரிசி கிடைக்கல்லியா டீச்சர்?"

தெல்மா சட்டென்று மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இதை ஆருக்கும் சொல்லாத. வாப்பாவே சொல்லல்லதானே? அவருக்கு அது விருப்பமில்ல."

றஸீனா தலையாட்டினாள். அன்றைக்குத் தெல்மா செய்ததில் அவளைப் பிற்காலத்தில் அதிகமாகச் சுட்டது கோட்டில் வாய் மூடியதல்ல. அந்தப் பிள்ளையின் தலையாட்டலை வாங்கிக்கொண்டு, அப்பாடா என்று மூச்சு விட்டதுதான்.

சனிக்கிழமை பட்டணத்துக்குப் போன தெல்மா ஒரு பிரக்கிராசியாரின் படலைவரைக்கும் போனாள். உள்ளே பேச்சுக்குரல்கள் கேட்டன. தன்னைத் தெரிந்த யாராவது இருக்கக்கூடும் என்று திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்கியதும், நாளை மறுநாள் வித்தியாதரிசி வருகிறார் என்று பத்தக்குட்டி வாத்தியார் சொன்னார். வந்தால் நாலாம் வகுப்பின் நீதிமன்றத்தைத்தான் காட்ட வேண்டும்.

"வேற ஏதும் செய்வமே, வாத்தியார். றெயில் ஸ்டேசனைக் காட்டலாம்."

"அது அவர் போனமுறை பாத்ததுகா. கோட்டுக்குப் போன விசயம் அவருக்குத் தெரியும். அதுக்காகத்தான் வாறார். உங்களுக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். தெல்மா சம்மதித்தாள். அரிசி வேண்டாம், எருமையும் வேண்டாம், களவுபோன கோழி ஒன்றின் வழக்கை வைப்போம் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். கண்ணால் பார்த்த வழக்கைத்தான் செய்ய வேண்டும் என்று பழக்கியவளே அவள்தானே. ஆனாலும் உண்மைக் கோழி ஒன்றைக் கொண்டுவரலாம் என்றதும் சரி என்றார்கள். றஸீனாவுக்கு அவள் வேடம் எதுவும் கொடுக்கவில்லை. அவள் மூலையில் இருந்து பார்க்கட்டும்.

மூத்ததம்பி தகப்பனின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நீதவானாக வந்து மேசைமேல் போட்ட நாற்காலியில் ஏறி இருந்தான். கோழி கட்டறுத்துக்கொண்டு வித்தியாதரிசியின் காலுக்குள் புகுந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எதிரி தான் சுற்றவாளி என்று கத்தினான். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அப்போது வித்தியாதரிசி மூலையைக் கண்டார்.

"ஏன் அந்தப் புள்ளை சும்மா இரிக்குது? எல்லாப் பிள்ளைகளும் செய்யிறதுதானே உங்கட முறை. அதையும் ஒரு சாட்சியாக் கூப்பிடுங்க."

தெல்மா வாயெடுப்பதற்குள் சேவகனாக நின்றவன் றஸீனாவைக் கூட்டி வந்து, கவிழ்த்து வைத்த பெட்டிமேல் ஏற்றிவிட்டான்.

"நீ சொல்றதெல்லாம் உண்மையா?" என்றான் மூத்ததம்பி.

"அல்லா அறிய உண்மை" என்றாள் றஸீனா. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"கோழியை ஆர் களவெடுத்த?"

"எனக்குத் தெரியா."

பிள்ளைகள் சிரித்தார்கள். மூத்ததம்பிக்கு அடுத்த கேள்வி வரவில்லை. தலையைச் சொறிந்தான். பிறகு வியாழக்கிழமை கேட்டது நினைவில் வந்து, நீதவானைப் போலவே கண்ணாடி துடைப்பதாகப் பாவனை செய்தபடி கேட்டான்: "அப்ப, அந்த அரிசி ஆருக்காகக் கொண்டுவரப்பட்டது?"

"மூத்ததம்பி! இது கோழி வழக்கு" என்றாள் தெல்மா.

"விடுங்க மிஸ். பையன் சொந்தமா யோசிக்கிறான்" என்றார் வித்தியாதரிசி.

றஸீனா தெல்மாவைப் பார்த்தாள். சத்தியம் பண்ணினால் உண்மையைத் தவிர வேறொன்றும் கதைக்கக் கூடாது, வாப்பாவென்றாலும் சரி என்று சொல்லிக் கொடுத்தவளிடம், இப்போது எதைச் செய்வது என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. தெல்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எங்கட டீச்சருக்கு" என்றாள் றஸீனா. "டீச்சர்ட மம்மாவுக்குச் சுகமில்ல. அதுக்குத்தான் வாப்பா கொண்டு போன."

வகுப்பு அடங்கியது. கோழி மட்டும் எங்கேயோ கொக்கரித்தது. பத்தக்குட்டி வாத்தியார் தெல்மாவின் முகத்தையே பார்த்தார். வித்தியாதரிசி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

தெல்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. "பாருங்க சேர், பிள்ளைகள் கதை கட்டுறதை. ஆரைக் கேட்டாலும் டீச்சர் பேரைத்தான் சொல்லுவாங்க. இவளுக்கு என்னில சரியான விருப்பம்."

ஒரு கணம் கழித்து வித்தியாதரிசியும் சிரித்தார். அவருக்கும் அப்படி முடிவதுதான் வசதியாக இருந்தது. "அப்ப இது பொய்ச் சாட்சி! என்ன நீதவான், பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை?"

"வெளியில நிக்க வேணும்!" என்றான் மூத்ததம்பி.

எல்லோரும் தெல்மாவைப் பார்த்தார்கள். றஸீனா பெட்டிமேலேயே நின்றாள். வாசிப்புப் பாடத்தில் ஒரு கடினமான சொல்லைச் சொல்லிவிட்டு, சரியா என்று டீச்சரின் தலையசைவுக்காக நிற்பாளே, அப்படியே நின்றாள்.

"போ, றஸீனா" என்றாள் தெல்மா. "நீதவான் சொன்னாக் கேக்க வேணும்."

பிள்ளை பெட்டியிலிருந்து இறங்கினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். கதவுக்கு வெளியே தண்டனைக்கு நிற்கும் இடத்தில் அவள் நிற்கவில்லை. முற்றத்தைக் கடந்து, துறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி நேரே போனாள். சிலேட்டும் புத்தகமும் வாங்கிலேயே கிடந்தன.

வித்தியாதரிசி அன்றைக்கு எழுதிய அறிக்கையைப் போல அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னும் எழுதப்படவில்லை, பின்னும் எழுதப்படவில்லை. பத்தக்குட்டி வாத்தியார் அதை ஐந்தாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். அரிசியைப் பற்றித் தெல்மாவிடம் அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளோடு பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

றஸீனா வரவில்லை. வார முடிவில், தன் கூப்பன் அரிசியை ஒரு துணியில் முடிந்துகொண்டு, சிலேட்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தெல்மா முத்தலிப்பின் வீட்டுக்குப் போனாள். நஸீறா தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே சின்னப் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது.

"வாங்க டீச்சர்" என்றாள். பாய் போடவில்லை.

"நஸீறா, நான்... கோட்டில என்னால வாய் திறக்க ஏலாமப் போயிட்டு. இத்தனை புள்ளைகளோட..."

"ஓம். புள்ளைகளோடதான் போயிரிக்கீங்க."

தெல்மா முடிச்சை நீட்டினாள். நஸீறா உடனே வாங்கவில்லை. அதைப் பார்த்தாள்.

"இதுக்குப் பெர்மிட் இரிக்கா டீச்சர்?"

உள்ளே அழுகை உரத்தது. நஸீறா கையை நீட்டி முடிச்சை வாங்கினாள்.

"அரிசிய எடுக்கிறன். வீட்டில ஒண்டும் இல்ல, ரோசம் பாக்க எனக்கு ஏலாது. ஆனா புள்ளையத் தரமாட்டன்."

"அவள் கெட்டிக்காரி, நஸீறா. அடுத்த வருசம் சோதனை எடுத்தா..."

"பொய்க்காரி எண்டு நீங்கதானே சொன்னீங்க? பொய்க்காரிக்கு என்னத்துக்குச் சோதனை?"

றஸீனா உள்ளே இருந்தாள். தெல்மாவுக்கு அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. சிலேட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த தையில் முஸ்லிம் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் பிள்ளையும் வரவில்லை. டீச்சரை நம்பி அனுப்பிய வீட்டுக்கு நடந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

அந்தத் தையிலேயே தெல்மாவுக்கு மாற்றம் வந்தது. பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடம். மற்ற ஆசிரியர்கள் வந்து அவள் படிப்பிப்பதைப் பார்த்துப் பழக வேண்டுமாம். மம்மாவும் வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்த அரிசியில் தேறி நடமாடத் தொடங்கியிருந்தாள். பத்தக்குட்டி வாத்தியார் பிரிவுபசாரம் வைத்தார். மூத்ததம்பி மாலை போட்டான்.

துறையில் அவளுடைய டிறங்குப் பெட்டியைத் தூக்க வந்தவன் முத்தலிப். மறியலிலிருந்து வந்த நாள் முதல் அவன் துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஆள் வற்றிப் போயிருந்தான்.

"சுகமா டீச்சர்? மம்மாவுக்கு இப்ப எப்படி?"

"நல்லம், முத்தலிப்." தெல்மா பெட்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "றஸீனாவை... நீங்களாவது அனுப்பியிருக்கலாமே."

"நான் வந்த உடன சொன்னன், போகச் சொல்லி. அவ மாட்டன் எண்டுட்டா." பெட்டியைத் தலைக்கு ஏற்றியபடி சொன்னான்: "நான் அடிச்சும் பாத்தன் டீச்சர். நான் கோட்டில மறைச்ச பேரை நீ எப்படிப் பள்ளிக்கூடத்தில சொல்லுவ எண்டு கேட்டு அடிச்சன்."

தெல்மா நின்றுவிட்டாள். "அடிச்சீங்களா? அவள் சொன்னது பொய்யில்லையே, முத்தலிப்."

"பொய்யில்லாததுக்குத்தானே அடிச்சன்" என்றான் அவன். "பொய் எண்டா ஆர் அதைக் கணக்கெடுக்கப் போற? நாங்க இந்த ஊரில இரிக்க வேணுமே டீச்சர்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பெட்டியைத் தோணிக்குள் பத்திரமாக இறக்கி, நனையாமல் அடியில் ஒரு பலகையையும் வைத்துவிட்டு, அவள் ஏறுவதற்குக் கையால் தோணியைப் பிடித்துக்கொண்டான். வேறொருவனுடைய தோணி அது.

தோணி நகர்ந்தது. கரையில் பெண்கள் சாக்குகளை அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் றஸீனா, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தெல்மா கையை உயர்த்தினாள். றஸீனா தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். துறையிலிருந்து போகிற எந்தத் தோணியையும் பார்ப்பது போல இந்தத் தோணியையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குனிந்து ஈரச் சாக்கின் மறு முனையைப் பிடித்து முறுக்கத் தொடங்கினாள்.